துடிப்பின் அகலம்

ஜனவரி 6, திங்கள்

காலேஜ் பஸ் நுழைவு வளைவுக்குள் திரும்பும்போதுதான் பார்த்தேன். வாசலில் புது ஃபிளெக்ஸ். முதல் வட்டத்துக்குள் தாளாளர் கும்பிடுகிறார். அடுத்த வட்டத்தில் பிரின்சிபால். அதற்கடுத்து எங்கள் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர் டாக்டர் நாச்சிமுத்து. நாலாவது வட்டத்தில், ஆதார் கார்டு போட்டோ மாதிரி விழித்துக்கொண்டு, ஹெப்சிபா. என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற, என்னோடு ஒரே துறையில் பாடம் எடுக்கிற ஹெப்சிபா. கீழே கொட்டை எழுத்தில்: "செயற்கை நுண்ணறிவு இசைக்கருவிக்குக் காப்புரிமை பெற்ற சாதனைக் குழுவை வாழ்த்துகிறோம்!"

நடுவில் கருவி. என் கருவி.

அதன் மேல் ஒரு கை இருக்கிறது, குமிழைத் திருப்பிக்கொண்டு. மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள். கட்டைவிரலில் சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு வரைக்கும் தெரிகிறது. அவ்வளவு நல்ல பிரிண்ட். என் கை.

"கோகிலா மேடம், இது உங்க லேப் மூலைல இருக்கற பொட்டிதானே?" என்று பக்கத்து சீட் மெக்கானிக்கல் மேடம் கேட்டார். ஆமாம் என்றேன். "உங்களக் காணோமே?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவாம்! அதற்குள் ஒரு வரி புரோகிராம் கிடையாது. ஒரு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஏழெட்டுக் குமிழ். பழைய காலத்து அனலாக் சிந்தசைசர். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே யார் யாரோ செய்து, விற்று, மறந்தும் போன சங்கதி. புதுசு என்று நானே சொல்ல மாட்டேன். காப்புரிமையும் கிடைக்கவில்லை, விண்ணப்பம்தான் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் "பெற்ற" என்று அடித்துவிட்டார்கள். ஆக, இல்லாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லி, கிடைக்காத ஒன்றைப் பெற்றதாகச் சொல்லி, செய்தவளை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

புதுசு இல்லைதான். ஆனால் அந்தப் பலகையில் ஒவ்வொரு சால்டர் பற்றும் நான் வைத்தது. இரண்டு வருஷத்துச் சாயங்காலங்கள். கிளாஸ் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது நான் லேபுக்கு ஓடினேன்.

இரண்டாம் வருஷப் பையன்களின் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறது. இன்றைக்குத் திருத்தினால் ஒருத்தனும் தேற மாட்டான். நாளைக்கு.

ஜனவரி 7, செவ்வாய்

நாச்சிமுத்து சார் அறைக்குப் போனேன்.

"வாங்க மேடம், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"என் பேர் ஏன் சார் இல்ல?"

"அட, அதுங்களா. டீம் வொர்க் மேடம். நாலு பேருக்கு மேல வேண்டாம்னு தாளாளர் அபிப்ராயப்பட்டாரு."

"தாளாளர் அதுல என்ன சார் செஞ்சாரு?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எனக்கு ஆகாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "லேப் யாருதுங்க மேடம்? கரண்ட் யாருது? நீங்க ஊதுபத்தி கொளுத்தினா கோயில் உங்களுது ஆயிருமா?"

இப்போது எழுதும்போது பத்துப் பதில் வருகிறது.

வீட்டுக்கு வந்தால் ஹெப்சி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படிடி உன் மூஞ்சி அதுல வந்துச்சு?"

"சார் ஒரு பேப்பர நீட்டி ஒப்பு போடச் சொன்னாருக்கா."

"என்ன பேப்பர்னு படிக்கலையா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "படிச்சேன்."

"படிச்சுட்டா போட்ட?"

"அவருல்லா எனக்க கைடு. எனக்க தீசிஸ் அவருக்க மேசையிலதான் கெடக்கு. நான் என்னத்த செய்யட்டும்?"

படிக்கவில்லை என்று பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவள் நறுக்கிய பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு, எனக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றித் தின்றேன்.

ஜனவரி 9, வியாழன்

பேசவில்லை. நேற்று பழக்கதோஷத்தில் அவளுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன். மிச்சத்தை மூடிவைத்தேன். காலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஜனவரி 10, வெள்ளி

அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் என் நம்பர் வந்திருக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பு ஜனவரி 31, சென்னையில். அசல் சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போகச் சொல்லிவிடுவார்கள்.

என் அசல் சான்றிதழ்கள் என்னிடம் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை எல்லாம் ஆபீஸ் பீரோவில். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள், இங்கே இருக்கிற எல்லா வாத்தியார்களுடையதையும் போல. வாத்தியார் ஓடிப்போய்விடக் கூடாதாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, எங்களுக்கு மார்க் ஷீட். இப்படி வைத்திருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். கொடு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

மத்தியானமே ராஜினாமா எழுதி நீட்டினேன். ஆபீஸ் மேனேஜர் பழனியாண்டி அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எல்லா டிபார்ட்மென்ட்லயும் பாக்கி இல்லைன்னு நோ டியூ வாங்கிட்டு வாங்க மேடம். ஹெச்.ஓ.டி. கையெழுத்து முக்கியம்."

நாச்சிமுத்து சார் பேனாவை எடுக்கக்கூட இல்லை. "இருவத்திரண்டாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருது மேடம். அது நல்லபடியா முடியட்டும். உங்க கருவிதான் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே ஹைலைட்டு."

இப்போது மட்டும் "உங்க கருவி".

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். அம்மாவிடம் தேர்வு பற்றிச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவியது. "ஏஞ் சாமி, கெவர்மென்ட்டு வேலை. இனி ஒருத்தன் உன்னைய ஒண்ணும் சொல்ல முடியாது." யார் அந்த ஒருத்தன் என்று நான் கேட்கவில்லை, அதுவும் பெயர் சொல்லவில்லை. அவனை விட்டு வந்த வருஷம்தான் அந்தப் பெட்டியைச் செய்ய ஆரம்பித்தேன். வேறு சம்பந்தம் ஒன்றும் இல்லை. சாயங்காலத்தில் நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

சான்றிதழ் கையில் இல்லை என்பதைச் சொல்லவில்லை. அம்மா கரும்பு இரண்டு கட்டிக் கொடுத்தது. "ஒண்ணு அந்தப் புள்ளைக்கு" என்றது. பஸ்ஸில் இடித்துக்கொண்டே கொண்டுவந்தேன். பேசாமல் ஹெப்சியின் கதவில் சாய்த்து வைத்தேன்.

ஜனவரி 18, சனி

சனிக்கிழமையும் வேலை. காரிடாரில் நடக்கும்போது லேபிலிருந்து என் பெட்டியின் சத்தம். நின்றுவிட்டேன். குரல் மெலிகிறது, இன்னும் மெலிகிறது, சட்டென்று ஒன்றுமில்லை. மறுபடி வருகிறது, மறுபக்கம் போய்ச் சாகிறது. கழுத்தை நெரித்து நெரித்து விடுகிற மாதிரி.

உள்ளே போனால் பெட்டியே வேறு மாதிரி இருக்கிறது. என் மரப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முகப்பு. கல்லூரிச் சின்னம். பளபள குமிழ்கள். ஏ.ஐ. என்று நீல ஸ்டிக்கர். குழுவுக்குக் காட்டுவதற்காம்.

முகப்பை மாற்றியவர்கள், துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற அகலக் குமிழின் இரண்டு காலிலும் நான் வைத்திருந்த இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வேண்டாதது என்று வெட்டிப் போட்டிருக்கிறார்கள். குமிழ் கோடிக்குப் போய்விடாமல் தடுப்பதே அவைதான். துடிப்பு ஒரேயடியாக ஒடுங்கினால் சத்தமே இருக்காது. அது சாவதற்கு ஒரு நூல் முன்னால் நிற்க வேண்டும். அந்த நூல் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலமே ஆனது. வெட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

நாச்சிமுத்து சார் ஹெப்சியை அதன் முன்னால் நிறுத்தியிருந்தார். அவள்தான் குழுவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமாம். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா மேடம். சின்ன ரிப்பேரு. பாத்துக் குடுத்துருங்க. நோ டியூவும் போட்டுத் தந்தர்றேன்" என்றார்.

அவர்கள் பெயர் போட்ட பெட்டியை நான் சரிசெய்தால்தான் என் பெயர் போட்ட காகிதம் எனக்குக் கிடைக்கும்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஹெப்சி சர்ச்சுக்குப் போகவில்லை. போன வாரமும் போகவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. செய்ததை நினைத்து உறுத்தும். உறுத்தட்டும்.

காலையிலிருந்து அவள் அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "சரி சார், அனுப்பிருகேன் சார், இன்னைக்கே முடிச்சிருகேன் சார்." பிறகு குழுவுக்குச் சொல்ல வேண்டியதைச் சத்தமாக ஒப்பிக்க ஆரம்பித்தாள். நான் இந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"பல்ஸ் விட்த் மாடுலேஷன் என்பது, அலையின் ஃப்ரீக்வென்சியை மாற்றி..."

காதில் விழாத மாதிரி இருந்தேன். மறுபடியும் அதையே சொன்னாள். "ஃப்ரீக்வென்சியை மாற்றி..."

"ஃப்ரீக்வென்சி மாறாதுடி!" வாளியை வைத்துவிட்டுக் கத்திவிட்டேன். பன்னிரண்டு நாளில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை. "சுருதி மாறவே மாறாது! மாறறது குரல்!"

அவள் நோட்டோடு வந்து வாசலில் நின்றாள். சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணமும் இல்லை. ஆனால் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? அந்தப் பெட்டிக்கு அது அவமானம்.

"கரண்ட் கட் ஞாபகம் இருக்கா? நீ காலேஜ் படிக்கும்போது, தினம் கட் பண்ணுவானே?"

"இருக்குக்கா."

"ஒரு நாள்னா ஒரு நாள்தான். அது நீளாது, குறையாது. அதுல கரண்ட் இருக்கிற நேரம் எவ்வளவு, இல்லாத நேரம் எவ்வளவு, அதுதான் மாறுது. இதுவும் அதேதான். அலை மேல ஏறி நிக்குது, கீழ இறங்கி நிக்குது. மேல பாதி, கீழ பாதின்னா காலி பாட்டில்ல ஊதற மாதிரி பொள்ளுன்னு இருக்கும். மேல நிக்கிற நேரத்தக் குறைச்சுக்கிட்டே வா, மூக்கால பாடற மாதிரி ஆகும். அதுதான் துடிப்போட அகலம். ஒரு நாளோட நீளம் மாறாத மாதிரி, சுருதி அங்கயேதான் நிக்கும்."

"அப்ப மாடுலேஷன்?"

"அந்த அகலத்த நீ கையால திருப்பாம, இன்னொரு மெதுவான அலை தானாத் திருப்புது. அகலமாகும், ஒடுங்கும், அகலமாகும். அப்ப ஒரே ஆஸிலேட்டர் ரெண்டு பேர் சேர்ந்து பாடற மாதிரி கேக்கும்."

"எதுக்கு அப்படிக் கேக்கு?"

நல்ல கேள்வி. என் கிளாஸில் ஒருத்தனும் இதைக் கேட்டதில்லை. துணியெல்லாம் வாளியிலேயே கிடக்க, தரையில் சாக்பீஸால் அலைகளை வரைந்து காட்டினேன். மத்தியானம் ஆகிவிட்டது. அவள் திருப்பிச் சொன்னாள், தப்பில்லாமல்.

"தேங்க்ஸ்க்கா" என்றாள்.

"உனக்காகச் சொல்லல" என்றேன். சாம்பார் மட்டும் சேர்த்து வைத்தேன். பருப்பு ஏற்கனவே ஊறிவிட்டது, வீணாக்க முடியாது.

ஜனவரி 20, திங்கள்

சரிசெய்துவிட்டேன். சான்றிதழுக்காக. வேறு எதற்காகவும் இல்லை. ஸ்டீல் முகப்பைக் கழற்றி, இரண்டு ரெசிஸ்டரையும் திரும்ப வைத்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பார்த்தேன். மெலிந்தது, மெலிந்தது, சாகவில்லை. ஏ.ஐ. ஸ்டிக்கரை நகத்தால் கொஞ்சம் சுரண்டினேன். வரவில்லை. நல்ல பசை.

நோ டியூ கேட்டேன். "குழு போகட்டும் மேடம்."

ஜனவரி 22, புதன்

குழு வந்தது. எனக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் டியூட்டி. வாழை இலை எண்ணுவதற்கு எம்.இ. படித்திருக்கிறேன். என்னை லேப் பக்கமே வரவிடக் கூடாது என்று போட்ட டியூட்டி என்பது, இலை நறுக்கிய சமையல்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பதினொரு மணி வாக்கில் மாடியிலிருந்து சத்தம் வந்தது. என் பெட்டிதான். மெதுவான அலையைப் போட்டு, அகலத்தை ஏறி இறங்க விட்டிருக்கிறாள். கூடத்தில் பரிமாற நின்ற பையன்கள் எல்லாம் மேலே பார்த்தார்கள். ஒழுங்காகத்தான் திருப்புகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. கையிலிருந்த தண்ணீர் ஜக்கைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன்.

மேலே என்ன நடந்தது என்பதை லேப் டெக்னீஷியன் சாப்பிட வந்தபோது சொன்னார். குழுவில் ஒரு வயதான பேராசிரியை, வெளி மாநிலம். மற்றவர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருக்க, அந்தம்மா மட்டும் நேராகப் போய் அகலக் குமிழைக் கோடிக்குத் திருப்பினாராம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு ஹெப்சியிடம் கேட்டிருக்கிறார்: "கடைசியில் சத்தம் நின்றுபோக வேண்டுமே? போகவில்லையே. இவ்வளவு கிட்டே கொண்டுவந்து நிறுத்தியிருப்பது யார்?"

நாச்சிமுத்து சார் வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி சொல்லிவிட்டாளாம்: "கோகிலவாணி மேடம். இத முழுசும் செஞ்சது அவங்கதான். நாங்க யாரும் இல்ல."

"அவர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

"நம்ம ஸ்டாஃப்தான் மேடம், என் வழிகாட்டுதல்ல செஞ்சாங்க" என்று சார் சிரித்துக்கொண்டே புகுந்திருக்கிறார். குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த துறைக்குப் போகலாமா என்றாராம். போய்விட்டார்கள். அவ்வளவுதான். உண்மையை ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள், எல்லாரும் அடுத்த துறைக்குப் போய்விட்டார்கள். அந்தம்மா மட்டும் என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

அந்தம்மாவுக்கு நான்தான் ரசம் ஊற்றினேன். அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

ஜனவரி 23, வியாழன்

காலையில் லேபுக்குப் போனேன். பெட்டி தரையில் கிடந்தது, அதன் மேல் நேற்றைய டீ ஃப்ளாஸ்க். குழு போய்விட்டது, இனி அது எதற்கு? திருடினவர்கள் திருடின பொருளைப் பத்திரமாக வைத்திருந்தால்கூட எனக்கு மனது ஆறியிருக்கும். பத்து ஸ்குரூவைக் கழற்றி ஸ்டீல் முகப்பை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டைப்பையில் போட்டுக் காலேஜ் பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வாட்ச்மேனே என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் ஹெப்சி வந்ததும் சொன்னேன். "நீ சொன்னதக் கேள்விப்பட்டேன். பெரிய விஷயம்டி. எனக்காக..."

"ஒங்களுக்காகச் சொல்லல."

இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"ஒங்களுக்கு ரெண்டு வருசம் போச்சு. எனக்கு அஞ்சு வருசம் போச்சு, தெரியுமா ஒங்களுக்கு? அவருக்க பேருல வந்த பேப்பர் பூரா நான் எழுதினது. அவருக்க மவளுக்க புராஜெக்ட் நான் செஞ்சது. மவளுக்க கல்யாணப் பத்திரிகைக்கு அட்ரஸ் எழுதினது ஆருன்னு நினைச்சிய? ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போவ விடாம வேல தருவாரு. ஒங்க கையாவது அந்த போட்டோவுல இருக்கு. எனக்கு ஒரு நகம்கூட எங்கயும் இல்ல. இத்தன நாளா நீங்க என்னைய ஒரு பேச்சு கேக்கல. ஒப்பு ஏன் போட்டன்னு கேட்டிய. என்னத்துக்குப் பயந்தன்னு கேட்டியளா?"

கேட்கவில்லை.

"அந்தம்மா கேட்டப்ப நான்னு சொல்லணும்னுதான் நின்னேன். வாய் வரல. இன்னொரு மனுசிக்க வேலைய என்னதுன்னு சொல்ல வாயத் தொறந்தா அவருக்க மொகம்தான் வருது. அவரு மாதிரி ஆவப் பயந்து சொன்னேன். போதுமா?"

போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை நாளும் கோபப்பட எனக்கு மட்டும்தான் உரிமை என்று இருந்திருக்கிறேன். இப்போது அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அது இன்னும் கோபமாக வருகிறது.

ஜனவரி 25, சனி

பழனியாண்டி கூப்பிட்டார். மேசையில் என் சான்றிதழ் கவர். அதன் மேல் ஒரு டைப் செய்த காகிதம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க மேடம். பொட்டியையும் கொண்டாந்து குடுத்துருங்க. காலேஜ் சொத்தத் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னு ஸ்டேஷனுக்குப் போகணும்ங்கறாரு ஹெச்.ஓ.டி. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

படித்தேன். மேற்படி கருவியில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. மதிப்பீட்டுக் குழு முன்னால் செல்வி ஹெப்சிபா கூறியது உண்மைக்குப் புறம்பானது. அந்தப் பேராசிரியை என் பெயரை எழுதிக்கொண்டு போனதில் இவர்களுக்குப் பயம் பிடித்திருக்கிறது.

முதல் வரியில் எனக்குக் கஷ்டமே இல்லை. காப்புரிமை யாருக்கு வேண்டும்? பத்து நாளைக்கு முன்னால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். பேனாவையும் எடுத்துவிட்டேன். இரண்டாவது வரி. அதில் கையெழுத்துப் போட்டால் ஹெப்சி பொய்க்காரி ஆவாள். திங்கட்கிழமை அந்தக் காகிதத்தையே வைத்து அவளை வெளியே தள்ளுவார்கள். தீசிஸ் போகும், வேலை போகும்.

கவர் ஒரு முழத்தில் இருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்கு ஒரு வாரம்கூட இல்லை. அம்மாவின் கை என் தலையில் இருப்பது போலவே இருந்தது.

"என்ன மேடம் யோசனை? அரசாங்க உத்தியோகம்."

பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகினேன். "நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க. நானும் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. ஹெப்சி மட்டும் காலையில் சர்ச்சுக்குப் போய் வந்தாள். அந்தக் காகிதத்தின் இரண்டாவது வரியைப் பற்றி அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினோம். நான் எழுதியதை அவள் படித்து, "திட்டுகத எல்லாம் எடுத்துருங்கக்கா, சங்கதி மட்டும் போதும்" என்றாள். எடுத்தேன். பாதிதான் மிஞ்சியது.

ஜனவரி 27, திங்கள்

கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பட்டாவுக்கு, தண்ணீருக்கு, முதியோர் பென்ஷனுக்கு என்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பெட்டியைக் கட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். நாங்கள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்து எடுத்துப் போய்விடுவார்களோ என்று பயம்.

யாராவது தீக்குளிக்க மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடுவார்கள் என்று வாசலில் எல்லாப் பையையும் சோதிக்கிறார்கள். ஒரு பெண் காவலர், இருபத்தைந்து வயதிருக்கும், என் பைக்குள் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"என்னங்க்கா இது? வயரு, பேட்டரி... பாம் கீம் வெச்சிருக்கறீங்களா?"

வரிசை அப்படியே விலகியது. ஹெப்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாம் இல்லங்க. பாட்டுப் பெட்டி."

"அப்ப போட்டுக் காட்டுங்க. கீழ வெய்யுங்க, மெதுவா."

வராண்டாவில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். சின்ன ஸ்பீக்கர்தான். ஒரே ஒரு சுரம் வந்தது, பொள்ளென்று. அகலத்தைக் குறைத்தேன், மூக்கால் பாடியது. பிறகு மெதுவான அலையைத் திறந்துவிட்டேன். குரல் விரிந்து ஒடுங்கி விரிந்து அந்த வராண்டா முழுக்கப் போனது. மனுவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கேட்டார்கள். இந்தப் பெட்டியை நான் முன்பின் தெரியாத ஆட்களுக்கு வாசித்துக் காட்டியது இதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் காவலர் குனிந்து உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தர் பாடறப்ப நடுவுல இன்னொருத்தர் வந்து சேந்த மாதிரி இருக்குதுங்க்கா. நான் திருப்பிப் பாக்கட்டுங்களா?" திருப்பினார். சிரித்தார். "எந்தக் கடையில வாங்கினதுங்க?"

"கடையில வாங்கல. நான் செஞ்சது."

"நெசமாலுமா?"

"அவங்கதான் செஞ்சது. ஒவ்வொரு வயரும்" என்றாள் ஹெப்சி.

இன்ஸ்பெக்டர் எங்கிருந்தோ கத்தினார், "யாருய்யா அங்க கச்சேரி?" அந்தப் பெண் அவசரமாக எழுந்து, "ஒண்ணுமில்லைங்க சார், செக் பண்ணியாச்சு!" என்று எங்களை உள்ளே தள்ளிவிட்டார்.

கலெக்டர் மனுவைப் படித்தார். "ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டா? உங்க ஒருத்தரோடது மட்டுமா?"

"எல்லா வாத்தியாரோடதும் சார்."

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. முன்பே தெரியுமா இவர்களுக்கு? ஆனால் பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் மனுவைக் கொடுத்து, "இன்னைக்கே போன் பண்ணுங்க. முப்பத்தொண்ணாம் தேதி அவங்களுக்கு வெரிஃபிகேஷன்" என்றார்.

ஜனவரி 29, புதன்

சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துக் கேட்கவில்லை, பெட்டியைக் கேட்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் மூலையில் டீக்கறை. அனுபவச் சான்றிதழ் கேட்டேன். "தாளாளர் வெளியூர் போயிருக்காரு" என்றார் பழனியாண்டி, ஜன்னலுக்கு வெளியே தாளாளர் கார் நிற்கும்போதே.

ஹெப்சிக்கு மெமோ. நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்.

ஜனவரி 31, வெள்ளி

சென்னை. சரிபார்த்தார்கள். எல்லாம் இருந்தது, அனுபவச் சான்றிதழ் தவிர. அது இல்லாவிட்டால் அதற்கான மதிப்பெண் கிடையாது என்றார் சரிபார்த்த அதிகாரி. எட்டு வருஷம் பாடம் எடுத்ததற்கு மார்க் பூஜ்யம். வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அம்மாவுக்குப் போன் செய்து, எல்லாம் சரியாக முடிந்தது என்று சொன்னேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாளைக்கு மறுபடி கலெக்டர் ஆபீஸ் போகிறோம். மெமோவுக்கும், கைடு மாற்றித் தரவும் ஹெப்சியின் மனு. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகல். நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி அடுக்களை மேடையில் பேப்பரை வைத்து நின்றுகொண்டே எழுதினாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்தேன்.

முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். திட்டு ஒன்றும் இல்லை. ஐந்து வருஷமும் வரிசையாக இருந்தது. கடைசி வரி: "ஆகவே தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நன்றாக இருக்கிறது என்றேன். அவள் அதைத் திரும்ப வாங்கிக் கடைசி வரியை மட்டும் மறுபடி படித்தாள். பிறகு பேனாவை எடுத்து "தாழ்மையுடன்" என்பதை அடித்தாள். ஒரு கோடு போதாது என்று இன்னொரு கோடு.

"கேட்டுக்கொள்கிறேன் மட்டும் போதும்லாக்கா?"

"'கேட்கிறேன்'னு போடு" என்றேன்.